ஆச்சிக்கு எது சரி: பெரிய வீட்டில் ஆளா, ஊர்ப்பக்கத்துச் சிறு இல்லமா, நகரத்துப் பெரிய இல்லமா?

கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஆச்சிக்கு வயது 82. பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ பெரிய வீடு, அதில் அவர் ஒருவர். ஒரு மகன் சிங்கப்பூர், ஒரு மகன் பெங்களூரு, மகள் சென்னை. போன மாதம் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. இனிமேல் தனியாக விட முடியாது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. அடுத்து என்ன என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

வழிகள் மூன்று. பெரிய வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பது ஒன்று. காரைக்குடி சுற்றுவட்டத்தில் ஒரு குடும்பமே நடத்துகிற, ஆறிலிருந்து பன்னிரண்டு பேர் வரை இருக்கிற சிறு இல்லத்தில் சேர்ப்பது இரண்டாவது. மதுரை, திருச்சி, கோவைப் பக்கம் உள்ள பெரிய முதியோர் குடியிருப்பு மூன்றாவது. பிள்ளை வீட்டுக்கே கூட்டிப்போவது என்ற நான்காவது வழிக்கு ஒரு பத்தி போதும், கடைசியில் வருகிறது.

## எதை வைத்து அளப்பது

எல்லாரும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" அதைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு முன் நான்கு விஷயம் தெளிவாக வேண்டும்.

ஆறு வேலைகள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலம் அடக்குவது, தன் கையால் சாப்பிடுவது. இவற்றில் எத்தனை ஆச்சியால் தானே முடிகிறது என்று எண்ணுங்கள். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்காக" என்றுதான் பதில் வரும். ஒரு முழு நாள் கூட இருந்து பார்த்தால்தான் தெரியும். குளியலறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கும். ஆனால் முதுகில் தண்ணீரே பட்டிருக்காது.

இரவு. பத்து மணிக்கு மேல் ஆறு மணிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த முடிவின் மையம். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். விழுவது, தாகத்துக்குத் தண்ணீர் எட்டாதது, ஈரமான டயப்பரோடு விடியும் வரை கிடப்பது, சர்க்கரை இறங்கி வியர்ப்பது எல்லாம் ராத்திரியில் நேர்ந்தால் யார் கண்ணிலும் படாது. ஆச்சி இரவில் எத்தனை முறை எழுகிறார், எழும்போது துணை வேண்டுமா என்பதை மூன்று இரவு குறித்து வையுங்கள்.

தூரம். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் தலை ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரையும் சரி, திருச்சியும் சரி, சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ராத்திரி ஆள் அசந்து தூங்கி, காலையில்தான் வாய் கோணியிருப்பதைப் பார்த்தால் கணக்கு அங்கேயே முடிந்தது.

திரும்பும் வழி. ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளில், எவ்வளவு இழப்போடு வெளியே வரலாம்? அட்வான்ஸ் திரும்புமா? திரும்பி வர வீடு இருக்குமா?

## வழி 1: பெரிய வீட்டிலேயே ஆள் வைப்பது

செட்டிநாட்டு வீடு கல்யாணத்துக்குக் கட்டியது, முதுமைக்குக் கட்டியதில்லை. முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும். கழிப்பறை பழைய வழக்கப்படி கொல்லைப்பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆச்சி எழுந்து போகிற வழியை ஒருதரம் நீங்களே விளக்கில்லாமல் நடந்து பாருங்கள். உள்ளறை நிலைப்படி, காலைத் தூக்கி வைக்க வேண்டிய உயரம். அடுத்து முற்றத்து ஓரம், அங்கே ஓர் இறக்கம். மழை பெய்திருந்தால் ஆத்தங்குடித் தரைக்கல்லில் சாரல் ஈரம்; காய்ந்திருக்கும்போது காலுக்கு இதமான அந்தக் கல், நனைந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். பிறகு இன்னொரு நிலைப்படி, இன்னொன்று. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் படுக்கையை விட்டு எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நேரத்தில் இந்த ஓட்டப்பந்தயம்.

ஆகவே ஆள் தேடும் முன் வீட்டைத் திருத்த வேண்டும். கழிப்பறை ஒட்டிய அறை ஏதாவது இருந்தால் படுக்கையை அங்கே மாற்றுவதுதான் மலிவான திருத்தம். இல்லையென்றால் கட்டிலருகே கமோடு நாற்காலி. கழிப்பறை இருக்கையின் உயரம் தரையிலிருந்து 17 முதல் 19 அங்குலம் வேண்டும்; இந்தியன் கழிப்பறை என்றால் மேலே வைக்கும் ஸ்டூல் ஆடாமல் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். கைப்பிடிக் கம்பி 33 முதல் 36 அங்குல உயரத்தில். இங்கேதான் பலரும் ஏமாறுவது: பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சாதாரண பிளக் போட்டு முடுக்கிய கம்பி, பார்க்க உறுதியாக நிற்கும், ஆள் பாரம் முழுவதும் விழுகிற அன்று காரையோடு பெயர்ந்து கையில் வரும். செங்கல் வரை துளைத்து ரசாயனப் பசையோடு நீள போல்ட் இறக்க வேண்டும், அல்லது தரையில் ஊன்றிய கம்பி போட வேண்டும். வீல்சேர் வரும் என்றால் சரிவுப் பாதை ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். முகப்புப் படிகளின் மொத்த உயரம் 30 அங்குலம் என்றால் 30 அடி. தச்சர் சாய்த்து வைத்துக் கொடுக்கிற பலகையில் வண்டி ஏறாது, கவிழும்.

பங்காளிகள் பலருக்கும் பொதுவான வீடு என்றால் இன்னொரு சிக்கல். தன் பங்கு அறைக்குள் கம்பி அடிப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. வளவிலோ முகப்பிலோ சரிவு கட்ட, குழாய் இழுக்க, மற்றப் புள்ளிகளின், அதாவது பங்குள்ள மற்றக் குடும்பங்களின், சம்மதம் வேண்டும். அதில் ஒருவர் மலேசியாவில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. இதற்கு ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

இனி ஆள். ஏஜென்சிகள் "24 மணி நேர ஆள்" என்று சொல்வது 24 மணி நேரமும் வீட்டில் இருக்கும் ஆளைத்தான். விழித்திருக்கும் ஆளை இல்லை. ஒரே ஆள் பகல் முழுதும் வேலை பார்த்து, இரவு மூன்று முறை எழுந்தால் இரண்டாவது வாரமே சோர்ந்துபோவார். ஒன்று தூக்கத்தில் கூப்பிட்டது கேட்காது, இல்லையென்றால் பொங்கலுக்குப் போனவர் திரும்ப மாட்டார். இதைவிட நன்றாக ஓடுவது, பக்கத்துக் கிராமங்களிலிருந்து இருவரைக் காலை ஏழு முதல் இரவு ஏழு, இரவு ஏழு முதல் காலை ஏழு என்று முறை வைப்பது. வாரம் ஒரு நாள் விடுப்புக்கு மூன்றாவது ஆள் ஒருவரை ஆரம்பத்திலேயே பழக்கி வைக்க வேண்டும்.

கணக்குக்கு ஆளுக்கு 15,000 என்று வைத்தால் இருவருக்கு 30,000, விடுப்பு ஆளுக்கு 4,000, சமையலுக்கு 6,000, சாப்பாடு பலசரக்கு 8,000. மருந்து, டயப்பர், மின்சாரம் தவிர்த்து 48,000. வீட்டில்தானே இருக்கிறார், செலவு குறைவு என்ற நினைப்பு இந்த இடத்தில் அடிபடும். போதாததற்கு இந்த ஆட்களை மேய்க்க ஊரில் ஒருவர் வேண்டும். தாயாதி யாராவது தினமும் ஒரு முறை, சொல்லாத நேரத்தில் எட்டிப் பார்க்க வேண்டும். அவர் இல்லையென்றால் இந்த வழியே இல்லை. சிங்கப்பூரிலிருந்து கேமராவில் பார்ப்பது துணைக்கு உதவும். கேமராவுக்குக் கட்டிலின் மறுபக்கம் தெரியாது.

இந்த வழி யாருக்குச் சரி: ஆறு வேலையில் நாலைந்து தானே முடிகிறவர், நினைவு தெளிவாக உள்ளவர், இரவில் அதிகம் எழாதவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளும், தேவைப்பட்டால் இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். மாறாக, கடைசிக் கட்டம், இனி மருத்துவமனை வேண்டாம் என்று முடிவான நிலை என்றாலும் வீடே நல்லது. வளவில் கட்டிலைப் போட்டுப் பிள்ளையார் நோன்புச் சடங்கில் இழை எடுக்கிற சத்தம் காதில் விழ இருப்பதை எந்த இல்லமும் தர முடியாது.

## வழி 2: குடும்பம் நடத்தும் சிறு இல்லம்

சொந்த வீட்டையோ வாடகை வீட்டையோ மாற்றி, கணவன் மனைவி, சில இடங்களில் மருமகளும் சேர்ந்து நடத்துவது. அதே வீட்டிலோ மாடியிலோ அவர்களும் குடியிருப்பார்கள். ஆச்சிக்குத் தினமும் ஒரே முகங்கள், அவர் பேச்சு புரிகிற முகங்கள். காலையில் இட்லியும் இடியாப்பமும், மதியம் அவர் நாக்குக்குப் பழகிய குழம்பும். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதானவர் மெலிவதற்குப் பாதிக் காரணம் தட்டில் இருப்பது பிடிக்காமல் ஒதுக்குவது.

### விலையில் ஒளிந்திருக்கும் உழைப்பு

எட்டுப் பேர் உள்ள இல்லத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகல் 16 மணி நேரமும் இருவர், இரவு 8 மணி நேரமும் விழித்திருக்க ஒருவர் வேண்டும். வாரத்துக்கு 280 மணி நேர வேலை. ஒருவர் வாரம் 48 மணி நேரம் பார்த்தால் ஆறு பேர் தேவை.

| செலவு | மாதம் (ரூ.) |
|---|---|
| பார்த்துக்கொள்ள ஆறு பேர், தலா 12,000 | 72,000 |
| சமையல் | 12,000 |
| சாப்பாடு, எட்டுப் பேர், நாளுக்கு 120 | 28,800 |
| வாடகை | 20,000 |
| மின்சாரம், கேஸ், துணி வெளுப்பு | 10,000 |
| மொத்தம் | 1,42,800 |
| ஒருவருக்கு | 17,850 |

நடத்துகிறவருக்கு லாபமே சேர்க்காத கணக்கு இது. அப்படியிருக்க ஓர் இல்லம் 13,500 கேட்கிறது என்றால் எப்படி முடிகிறது? அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் சம்பளமில்லாமல் மூன்று ஆள் வேலை பார்க்கிறார்கள், 36,000 மிச்சம். அதில் தவறு ஒன்றுமில்லை, சிறு இல்லத்தின் பலமே அதுதான். ஆனால் அந்த மலிவு அவர்கள் தூக்கத்திலிருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு பிரசவம், நடத்துகிற அம்மாவுக்கே ஒரு ஆபரேஷன் என்றால் இல்லம் முழுக்க ஆட்டம் காணும். கேட்க வேண்டிய கேள்வி: "நீங்க பத்து நாள் ஊருக்குப் போனா யார் பார்ப்பாக?" பெயர் சொன்னால் நல்லது. "நாங்க எங்கேயும் போறதில்லையே" என்றால் எச்சரிக்கை.

10,000-க்கும் கீழே, நன்கொடையும் இல்லை என்றால், பெரும்பாலும் வெட்டப்பட்டிருப்பது இரவு ஆள்தான்.

### பார்க்கப் போகும்போது

சொல்லிவிட்டுப் போகிற முதல் சந்திப்பில் தெரிவது பினாயில் வாசனையும் நல்ல விரிப்பும். இரண்டாம் முறை சொல்லாமல், இரவு ஏழரைக்கோ காலை ஆறரைக்கோ போங்கள்.

"ராத்திரி யாருங்க முழிச்சிருப்பாக?" என்று கேளுங்கள். "நாங்க இங்கேதானே இருக்கோம்" என்பது பதில் ஆகாது. ஆளின் பெயர், எத்தனை மணிக்கு வருவார், காலையில் யாரிடம் ஒப்படைப்பார் என்று வர வேண்டும்.

படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு எழுதி வைக்கும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். பத்து நாளைக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லாம் சரியாக 10, 12, 2, 4 என்றிருந்தால் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது. அனுமதி கேட்டு ஒருவருடைய குதிகாலையும் வால் எலும்புப் பக்கத்தையும் பாருங்கள். நம் நிறத்தில் படுக்கைப்புண்ணின் தொடக்கச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ, சில சமயம் கொழகொழவென்றோ இருப்பதைத் தொட்டால்தான் தெரியும். ஏர் பெட் இருக்கிறதே என்று சொல்வார்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டுவது நிற்கக் கூடாது. மின்சாரம் போனால் அது வெறும் ரப்பர் விரிப்பு.

தண்ணீர் டம்ளர் படுத்தவர் கைக்கு எட்டுகிறதா? மருந்து டப்பாக்களில் ஆளுக்கு ஆள் பெயர் இருக்கிறதா, இல்லை எல்லார் மாத்திரையும் ஒரே கூடையிலா? இன்சுலின் எங்கே இருக்கிறது? திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரீசர் பெட்டியை ஒட்டாமல் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்த குப்பி பலம் இழக்கும், சர்க்கரை ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், பிறகு நல்ல குப்பி வந்ததும் சர்க்கரை ஒரேயடியாக இறங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டிய வகை இன்சுலின் என்றால், போட்டபின் சாப்பாடு நேரத்துக்கு வருகிறதா என்று சமையலறையைப் பாருங்கள். இன்வெர்ட்டர் எத்தனை நேரம் தாங்கும்? ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவருக்கு இது உயிர்க் கேள்வி: 350 வாட் இழுக்கும் மெஷினை ஒரு 150 ஏஎச் பேட்டரி மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாது.

இரவில் கேட் பூட்டுவார்களா, சாவி யாரிடம்? ஞாபகமறதி நோய் உள்ளவர்கள் வெளியே போய்விடுவார்கள் என்று பூட்டுவது புரிகிறது. பக்கத்து மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலைத் தீயில் மனநல விடுதி ஒன்றில் சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்தார்கள். பூட்டு இருக்கலாம், விழித்திருக்கும் ஆளின் இடுப்பில் சாவியும் இருக்க வேண்டும். யாரையாவது கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பதிவுச் சான்றிதழ் கேளுங்கள். முதியோர் இல்லப் பதிவை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் சரிபார்க்கலாம். காரைக்குடி, தேவகோட்டை என்றால் சிவகங்கை. இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டுப் பக்கம் என்றால் புதுக்கோட்டை. செட்டிநாடு ஒன்றுதான், கலெக்டர் அலுவலகம் இரண்டு. குறை சொல்லவோ விவரம் கேட்கவோ முதியோர் உதவி எண் 14567.

### ஒப்பந்தத்தில் ஒளிந்திருப்பவை

மாதத் தொகைக்கு வெளியே என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். டயப்பர் பகலில் மூன்று, இரவில் ஒன்று. ஒன்று 35 ரூபாய் என்றால் மாதம் 4,200. சிறுநீர்க்குழாய் போட்டவருக்கு அதை மாற்ற நர்ஸ் வரும் செலவு. லேட்டக்ஸ் குழாயைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சிலிக்கான் என்றால் மூன்று மாதம் வரை தாங்கும், ஆகவே விலை கூடியதே மலிவு. மருத்துவமனையில் சேர்த்தால் துணைக்கு யார் இருப்பது? பெரும்பாலான இல்லங்கள் வாசல்வரைதான் வரும், அதன்பின் குடும்பப் பொறுப்பு. மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் இல்லத்துக்கு முழு வாடகையா? அட்வான்ஸ் எத்தனை மாதம், எத்தனை நாளில் திரும்பும், மாத நடுவில் இறந்துபோனால் மீதி என்ன ஆகும்? சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். பத்துப் பேருள்ள இல்லம் அதைத் தொட்டுவிடலாம். சொன்ன தொகை எல்லாம் சேர்த்துத்தானா என்று அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: ஆச்சி கிளம்பியதும் பெரிய வீட்டுச் செலவு நிற்காது. காவலுக்கு ஆள், மழைக்கு முன் ஓடு மாற்றுவது, கரையான், சாமி வீட்டில் விளக்கு. அந்த ஆளையும் விட்டுவிட்டால் முதலில் போவது பித்தளைச் சாமான்.

இந்த வழி யாருக்குச் சரி: ஆறு வேலையில் இரண்டு மூன்றுக்குத் துணை வேண்டியவர், தனிமையில் சாப்பாட்டைக் குறைத்துவிட்டவர், ஞாபகமறதியின் தொடக்கத்தில் இருப்பவர். அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஓர் உறவினர் இருக்க வேண்டும். யாருக்குச் சரியில்லை: இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனத்த உடம்பு, மூக்குவழி உணவுக்குழாய், அடிக்கும் கோபம் வந்துவிட்ட மறதிநோய். இரவில் ஒரே ஆள் உள்ள இடத்தில் இவர்களைச் சேர்த்தால் மற்ற ஏழு பேரும் கவனிப்பில்லாமல் போவார்கள்.

## வழி 3: நகரத்துப் பெரிய இல்லம்

நர்ஸ் முறைவைத்து இருப்பார், ஆம்புலன்ஸ் வாசலில், லிஃப்ட், சரிவு, அழைப்பு மணி எல்லாம் முதல் நாளே தயார். ஒரு ஆள் லீவு போட்டால் இன்னொருவர் வருவார். குழாயில் உணவு, ஆக்சிஜன், டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் பேச்சே இல்லை, இதுதான்.

குறை வேறு வகை. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆச்சி இடது பக்கம் படுத்தால்தான் தூங்குவார் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். சாப்பாடு எல்லா ஊருக்கும் பொதுவான ருசி. பெரிய தொகை டெபாசிட். சில குடியிருப்புகளில் வீட்டை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ வேண்டும், திரும்ப விற்பது அவர்கள் நிபந்தனைப்படி. "தானே நடமாடுகிறவர்" என்று சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு படுக்கையானால் தனி ஆளை உங்கள் செலவில் வைக்கச் சொல்வார்கள், அல்லது வேறு கட்டடத்துக்கு மாற்றுவார்கள். நிலை மாறினால் கட்டணம் எப்படி ஏறும் என்ற அட்டவணையைச் சேரும்போதே வாங்கிவிடுங்கள். ஊரில் யாரும் இல்லாதவருக்கும், இருவருமாக உள்ள தம்பதிக்கும், ஏற்கெனவே கோவை சென்னை என்று வாழ்ந்து பழகியவருக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. கோயில், தெரு, தாயாதி என்று பேச்செல்லாம் ஊராகவே உள்ளவருக்குப் பொருந்துவதில்லை.

பிள்ளை வீட்டைப் பற்றி: அடுக்ககத்தில் எல்லாரும் வேலைக்குப் போனபின் காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை பூட்டிய கதவுக்குள் ஆச்சி தனியாகத்தான் இருப்பார். பகலில் வீட்டில் ஒருவர் இருக்கிறார், கழிப்பறை ஒட்டிய அறை அவருக்கென்று ஒதுக்க முடிகிறது என்றால் மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | பெரிய வீடு | சிறு இல்லம் | பெரிய இல்லம் |
|---|---|---|---|
| இரவு விழிப்பு | பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி ஆள் வைத்தால் மட்டும் | இல்லத்துக்கு இல்லம் மாறும், கேட்டே தீர வேண்டும் | பொதுவாக உண்டு |
| பழகிய முகம், சாப்பாடு | முழுமையாக | பெரும்பாலும் | குறைவு |
| திடீர் மருத்துவம் | பலவீனம் | நடுத்தரம் | பலம் |
| ஆள் வராத நாள் | உங்கள் தலையில் | குடும்பம் சமாளிக்கும், ஒரு எல்லைவரை | நிறுவனம் பார்க்கும் |
| மறைந்த செலவு | வீட்டுத் திருத்தம், மேற்பார்வை | டயப்பர், மருத்துவமனைத் துணை, காலி வீட்டுக் காவல் | டெபாசிட், நிலை மாறினால் ஏறும் கட்டணம் |
| திரும்பும் வழி | எளிது | ஒரு மாத அறிவிப்பு | கடினம் |

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டியவை

பணத்தைப் பிள்ளைகள் எப்படிப் பிரிப்பது என்று முதல் மாதமே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆச்சி பெயரில் தனிக் கணக்கு, மூவரும் அதில் போடுவது, அதிலிருந்து மட்டும் செலவு. பேச்சு முறிந்தால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஆச்சியே மனுச் செய்யலாம். சட்டத்தில் சொன்ன உச்சவரம்பு மாதம் 10,000. மேலே உள்ள எந்தக் கணக்குக்கும் அது எட்டாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கவும் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இடம் உண்டு. ஆனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

ராத்திரி ஆபரேஷனுக்குக் கையெழுத்து யார் போடுவது? இல்லம் நடத்துகிறவர் போட முடியாது, போடவும் மாட்டார். ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்குப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதிகாரக் கடிதம் கொடுத்து, நகல் ஒன்றை இல்லத்தில் வையுங்கள். மாத்திரைப் பட்டியல், ரத்தம் இளக்கும் மருந்து உண்டா என்ற குறிப்பு, ஆதார் நகல், காப்பீட்டு அட்டை எல்லாம் அதே உறையில்.

இறப்பைப் பற்றிச் சேரும்போதே பேசிவிட வேண்டும். நடு இரவில் நேர்ந்தால் எந்த டாக்டர் வந்து சான்று தருவார், ஃப்ரீசர் பெட்டிக்கு யார் சொல்வது, உடலைப் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி எது. இறப்புப் பதிவு நேர்ந்த இடத்தில்தான், 21 நாளுக்குள். காரைக்குடி இல்லத்தில் நேர்ந்தால் மாநகராட்சியில். சொந்தக் கிராமத்தில் விஏஓவிடம் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்.

கடைசியாக, இல்லம் என்று முடிவானால் முதலில் ஒரு மாதம் சோதனைத் தங்கல் கேளுங்கள். வைகாசி, ஆவணி மாதிரி முகூர்த்த மாதமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆட்கள் லீவில் போகிற காலத்தில் இல்லம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரம் ஆச்சி குழம்புவார், பொழுது சாய்ந்ததும் "வீட்டுக்குப் போகணும்" என்பார். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். சேரும் அன்று காலை எடை பாருங்கள். முப்பதாம் நாள் அதே மெஷினில், அதே நேரத்தில், அதே மாதிரிச் சேலையில் மறுபடி பாருங்கள். 50 கிலோ இருந்தவர் இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தால், நடத்துகிறவர் என்ன சொன்னாலும், டாக்டரிடம் காட்டிவிட்டு இடத்தைப் பற்றி மறுபடி பேச உட்காருங்கள். அதுவரை பெரிய வீட்டு அறையைக் காலி செய்ய வேண்டாம்.